அச்சு பொருந்தவில்லை

"இது உங்க வாய்தானா?" என்று கேட்டார் பல் டாக்டரம்மா.

நாற்காலியில் அண்ணாந்து கிடந்த டிரைவிங் மாஸ்டருக்குப் பகீரென்றது. வாய் நிறைய டாக்டரின் விரல்கள் இருந்ததால், பின்னே யார் வாய் என்று திருப்பிக் கேட்கவும் வழியில்லை.

விழுந்துபோன கடைவாய்ப் பல்லின் இடத்தில், எலும்புக்குள் திருகாணி இறக்கிப் புதுப் பல் கட்டுவதாக ஏற்பாடு. மூன்று வாரத்துக்கு முன்பே ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் ஆழமும் சாய்வும் குறித்து, அவருடைய பல்வரிசை மேல் கச்சிதமாக உட்காருகிற மாதிரி துளை வைத்த பிளாஸ்டிக் அச்சு ஒன்றும் செய்தாகிவிட்டது. அந்தத் துளை காட்டுகிற வழியில்தான் ட்ரில் இறங்கும், இம்மி பிசகாது. ஊசி போடுமுன் மாட்டிப் பார்த்தால், அந்த அச்சு லொடலொடவென்று ஆடியது.

டாக்டர் உறைமேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்தார், பிறந்த தேதியைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. விளக்கைக் கிட்டே இழுத்து அவர் வாய்க்குள் துழாவ ஆரம்பித்ததும், மாஸ்டரின் வலது கால் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை.

"பக்கத்துப் பல்லுல ஒரு மூலையக் காணோமே. ஸ்கேன்ல முழுசா இருக்கு. என்னத்தக் கடிச்சீங்க?"

இனி மறைத்துப் பயனில்லை. போன வாரம் ஸ்க்ரூடிரைவர் தேடித் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தவர் கண்ணில் ஒரு பொட்டலம் கெட்டி மிட்டாய் பட்டது. பேரன் வந்திருந்தபோது வாங்கியதில் மிச்சம் போலும், பாதிதான் இருந்தது. ஒன்றே ஒன்று என்று வாயில் போட்டவர், சப்புவதற்குப் பொறுமையில்லாமல் கடித்துத் தொலைத்தார்.

அச்சில்தான் தப்பு என்று வீட்டம்மாவிடம் சொல்லிவிடும்படி டாக்டரைக் கெஞ்சிப் பார்த்தார். அதைச் செய்தவர் தலையில் பழியைப் போட முடியாது என்றார் டாக்டர். உடைந்த மூலையை அடைத்து, மறுபடி ஸ்கேன் எடுத்து, வேறு அச்சு செய்ய இன்னும் பத்து நாளாகும்.

"ஏன் தள்ளிப்போகுதுன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

மாஸ்டருக்குத் திட்டு வாங்குவதில் பயமில்லை. சர்க்கரை குறைந்தால்தான் திருகாணி என்று டாக்டர் சொன்ன அன்றே, உங்களுக்கு இல்லாத இனிப்பு எனக்கும் வேண்டாம் என்று தன் காபிச் சர்க்கரையையும் நிறுத்தியவள் அவள். மூன்று மாதமாகக் கசப்புக் காபியை முகம் சுளிக்காமல் குடிக்கிறாள். அப்பேர்ப்பட்டவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

வெளியே காத்திருந்தவளை உள்ளே கூப்பிட்டார்கள். மாஸ்டர் இழுப்பறை முதல் பல் மூலை வரை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

இடி விழவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. உடைந்த பல்லை அடைக்க எவ்வளவு நேரமாகும், வலிக்குமா, ஒரு வேளையாவது சாப்பிடாமல் இருக்கணுமா என்று டாக்டரைத் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனைக்குப் பிறகும் தன்மேல் இவ்வளவு கரிசனமா என்று மாஸ்டருக்குக் கண் கலங்கியது.

பத்து நிமிஷ வேலை, வலிக்காது என்றார் டாக்டர். அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்படியே எனக்கும் ஒண்ணு அடைச்சு விட்டுடுங்க டாக்டர். அதே மிட்டாய்தான்."