மறந்துவிட்டு வந்த துடுப்பு

1964 ஐப்பசியில், கடலூர்க் கடல் சலித்துப்போய், மீனவன் பூவராகனும் நாலு சிநேகிதர்களும் கல்வராயன் மலை ஓடையில், பாறைகளுக்கு நடுவே கட்டுமரம் விடத் திட்டம் போட்டார்கள். தண்ணீர் எப்படி என்று அடிவாரத்து டீக்கடைக்காரருக்குக் கார்டு எழுதினார்கள். கட்டுச்சோறு புளியா எலுமிச்சையா என்ற சண்டை முடிவதற்குள் விறகு லாரியில் பதில் வந்தது, ஒரு துடுப்போடு.

"தண்ணீர் நன்றாக ஓடுகிறது. போன வாரம் ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினீர்கள். மறந்துவிட்டுப்போன துடுப்பை அனுப்பியிருக்கிறேன்."

"நாம இன்னும் போவவே இல்லியே மச்சான்!" சிநேகிதர்களில் ஒருவனான கலியமூர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அவர்கள் ஊரில் துடுப்பை ஆளின் மோவாய் உயரத்துக்கு அளந்துதான் செய்வார்கள். ஐந்து பேரும் நிறுத்திப் பார்த்தார்கள். பூவராகனுக்கு மட்டும் கச்சிதமாக நின்றது. கைப்பிடிக்குக் கீழே கோழிக்கண் மாதிரி ஒரு கணு.

"துடுப்ப வுட்டுட்டு வர்ற ஆளாடா நீ?" என்று மறுபடியும் சிரித்தான் கலியமூர்த்தி.

பூவராகன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆசாரியின் பட்டறைக்குப் போனான். இந்தப் பயணத்துக்கென்று அவன் சொல்லியிருந்த புதுத் துடுப்புக்காக எடுத்துவைத்த பலகை இன்னும் இழைக்காமல் கிடந்தது. கரிக்கோட்டுக்குள் அதே கணு.

"வெள்ளிக்கெழம தானே கெளம்புறீங்க? இப்பதான் செதுக்க உக்கார்றேன்" என்றார் ஆசாரி.

தோளில் இருந்த துடுப்பு பூவராகனின் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது.