மயக்க ஊசிக்கு முன்னால்

கால்நடை டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. மயக்க ஊசியை எடுத்தாலே இந்த மனுஷன் நாயை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறார். நாயோ மேஜை மேல் சமர்த்தாகப் படுத்திருந்தது. உதறல் எல்லாம் இவருக்குத்தான்.

"சார், இவனுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்றதா, வேண்டாமா?"

"ரொம்ப வலிக்குமா டாக்டர்? அப்புறம் சோர்ந்து போயிடுமா?"

"நாலே நாள்ல துள்ளி ஓடும்னு எத்தனை தடவை சார் சொல்றது?"

"அப்போ... அடுத்த வாரம் வரோமே."

டாக்டர் ஊசியை வைத்துவிட்டு, வாசலில் நின்ற அந்த மனுஷனின் மனைவியிடம் சலித்துக்கொண்டார். "நாய் மேல இவ்வளவு பாசமாம்மா?"

இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, வயிற்றில் ஒன்றுமாக நின்றவள் பல்லைக் கடித்தாள்.

"பாசமாவது! 'முதல்ல நாய்க்குப் பண்ணிப் பார்ப்போம், அது நல்லா இருந்தா நானும் பண்ணிக்கறேன்'னு எனக்கு வாக்குக் குடுத்திருக்கார் டாக்டர்!"