மழையைப் பார்த்தவர்

"கல்யாணத்தைக் கண்ணால பார்த்த ஆள் ஒருத்தராவது வேணும்மா" என்றார் வக்கீல்.

நீதிமன்ற வராந்தாவில் இரண்டு பெஞ்சுகள்தான். ஒன்றில் அவளும் வக்கீலும். முதுகோடு முதுகாகக் கிடந்த மற்றதில் மாமியார், கண்ணை மூடியபடி, மடியில் குடையுடன்.

"பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணினதைத் தெருவே பார்த்துச்சே சார்."

"அது சூழ்நிலைச் சாட்சி. ஒருத்தன் நனைஞ்சு வந்தா மழைன்னு நாம சொல்லலாம். குழாயடியில நனைஞ்சான்னு அவங்க சொல்லலாம். நமக்கு மழையையே பார்த்த ஆள் வேணும். அதுதான் நேரடிச் சாட்சி."

திருமணப் பதிவேடு அலுவலகத்தோடு சேர்ந்து எரிந்துபோயிருந்தது. கையெழுத்துப் போட்ட இரண்டு நண்பர்களும் அவள் கணவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கணவன் இறந்த மாதமே அவன் தம்பி வழக்குப் போட்டான்: இவள் அண்ணனின் மனைவியே இல்லை, வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"வீடு போனாப் போகுது சார். நான் அவர் பொண்டாட்டின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"மெதுவாப் பேசுங்க. பின்னாடி எதிர்த்தரப்புச் சாட்சி."

"அத்தைக்குக் காது மந்தம் சார். கேட்டாலும் பதில் வராது. என்கிட்ட இதுவரைக்கும் வந்ததில்லை."

கூண்டில் ஏறிய மாமியார், சின்ன மகன் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார்: "அப்படி ஒரு கல்யாணம் நடக்கவே இல்லை."

வக்கீல் எழுந்தார். உருப்படியாகக் கேட்க அவரிடம் எதுவும் இல்லை. "எளிமையா, அழகா நடந்த கல்யாணம்னு என் கட்சிக்காரர் சொல்றாங்களே?"

"அழகா? கொட்டுற மழை. ஒழுகுற மாடி ஹால். நனைஞ்ச கோழி மாதிரி நின்னா இவ. காலுல இரவல் செருப்பு. கையெழுத்துப் போடுறப்ப பேனா எழுதலைன்னு என் பெரியவன் உதறினான், இவ நீலப் புடவையெல்லாம் மை. இதுக்குப் பேரு அழகா?"

சின்ன மகன் துள்ளி எழுந்தான். "அம்மா!"

"நீ உட்காருடா. உன்னை யாரு அங்கே கூப்பிட்டா?"

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நடக்கவே இல்லைன்னு இப்பதானே சொன்னீங்க?"

"அதையெல்லாம் கல்யாணம்னு சொல்ல வாய் வரலைங்க."

"நீங்க எங்கேயிருந்து பார்த்தீங்க?"

"படிக்கட்டுல நின்னு. இதே குடையோட. பெத்த வயிறு கேட்குமா?"

அறை சிரித்தது. நீதிபதி சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க! நான் கேட்ட மாதிரியே, மழையைப் பார்த்த சாட்சி! இனி உங்களைப் பொண்டாட்டி இல்லைன்னு எவன் சொல்லுவான்?"

அவள் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமியார் படியிறங்கி வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே குடையை நீட்டினார். "வெயில் மண்டையைப் பிளக்குது. பிடி."

அவள் வாங்கி, விரித்து, இருவருக்குமாகப் பிடித்தாள்.

அவளுடைய திருமணத்தன்றும் இதே வெயில்தான். மஞ்சள் புடவை வேர்வையில்தான் நனைந்தது. ஒரு சொட்டு மழை இல்லை.