மூன்றாவது பட்டி

"இன்னைக்குக் காலையில ஏழு போச்சு அண்ணே. நேத்து ராத்திரி தின்னுட்டு நல்லாத்தான் படுத்துச்சுங்க."

டெல்பர்ட் செத்த பன்றிகளைக் கொட்டகை வாசலில் வரிசையாகக் கிடத்தியிருந்தான். அயோவாவில் அந்த வாரம் சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. அவன் பன்றிகள்தான் படுத்துவிட்டன. கொழுகொழுவென்று வளர்ந்தவை முதலில் போயின. நோஞ்சான்கள் எந்தக் கவலையும் இல்லாமல் தின்றுகொண்டிருந்தன. இன்னும் இருநூறு மிச்சம். அவையும் போனால் பண்ணை கைவிட்டுப் போகும்.

அண்ணன் ஆரின், பல்கலைக்கழக ஆய்வுக் கொட்டகையில் பன்றிகளுக்குத் தீவனம் போடுபவன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஒரு பன்றி வந்து அவன் சட்டைப்பையை முகர்ந்தது. பன்றி வளர்க்கிறவர்கள் பையில் அவற்றுக்குக் கொடுக்க மெத்தென்ற மார்ஷ்மெல்லோ மிட்டாய் இல்லாமல் இருக்காது. அவன் அதன் காதைச் சொறிந்துவிட்டான்.

"ரொம்பக் கொஞ்சாதே. வெட்டப் போறதுக்குப் பேர் வைக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லுவாரே, மறந்துட்டியா?"

ஆரின் கையை எடுத்துக்கொண்டான்.

முந்தின நாள் கால்நடை டாக்டரம்மா வந்து ஒரு பன்றியின் இதயத்தை அறுத்துப் பார்த்திருந்தார். முழுக்கச் சிவப்புத் திட்டுகள். தீவனத்தில் சோள எண்ணெய் அதிகம், அந்தக் கொழுப்பு உடம்புக்குள் கெட்டு இதயத்தைத் தாக்காமல் தடுப்பது வைட்டமின் ஈ, அது போதிய அளவு இல்லை என்றார். ஊசிமருந்து வர நான்கு நாள் ஆகுமாம்.

டெல்பர்ட் தீவன ஆலைக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கிறான். தனியாகச் சேர்த்து வந்த வைட்டமின் ஈயை வசந்தத்திலிருந்தே நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் பணிவாகச் சொன்னார்கள். அது இல்லாமலே பன்றிகள் நன்றாக வளர்கின்றன என்று பல்கலைக்கழக ஆய்வே சொல்லிவிட்டதாம். அந்த ஆய்வுக்காகப் பேராசிரியருக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஆரினுக்குத் தொப்பி.

"உங்க கொட்டகையில நடந்ததுதானே அண்ணே?"

"ஆமா. மூணாவது பட்டி. அதுக்குத்தான் வைட்டமின் ஈ சேர்க்காத தீவனம்."

"நீதானே தீவனம் போட்டே? அந்தப் பட்டியில இருந்த பன்னெண்டுல ஒண்ணுகூடவா சாகலை?"

"சாகலை."

"அப்ப என் பன்னிங்க மட்டும் ஏன் சாகுது?"

ஆரின் பையிலிருந்து ஒரு மார்ஷ்மெல்லோவை எடுத்து இரண்டாகப் பிய்த்துக் காட்டினான். நடுவில் மஞ்சளாக ஒரு வைட்டமின் ஈ மாத்திரை இருந்தது.

"தினமும் ஆளுக்கு ஒண்ணு கொடுத்தேன்" என்றான். "பன்னெண்டுக்கும் பேர் வெச்சுட்டேன்டா."