வெள்ளச்சிக்குத் தோண்டிய குழி

எத்தனையோ மாப்பிள்ளைகளை ஊர்வலத்தில் சுமந்த குதிரை வெள்ளச்சி, காலையில் லாயத்தில் செத்துக் கிடந்தாள். ஆளுயரக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும் என்றார் கால்நடை டாக்டரம்மா. குதிரைக்காரர் மஸ்தான் பொக்லைன் வண்டியை வரவழைத்துத் தன் கொல்லையின் கோடியில் தோண்டச் சொன்னார்.

தண்ணீர் லாரியை நம்பிக் கிடக்கும் தெரு அது. குழி இடுப்பளவு இறங்கியதும் மண் கறுத்தது. ஆளுயரம் போனதும் அடியில் தண்ணீர் கசிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் அளவுக்கு ஏறி நின்றது.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "தண்ணி ஊறுற எடத்துல பொதைக்கக் கூடாது, பாய். ஊருக்கு வெளிய மேட்டுல எடம் பாருங்க."

அதற்குள் தெருவே குடங்களோடு வந்து குழியைச் சூழ்ந்துகொண்டது. போர்வைக்கடியில் கிடந்த வெள்ளச்சியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூடிரட்டுமா, பாய்?" என்றார் வண்டி டிரைவர்.

மஸ்தான் குழிக்குள் இறங்கினார். குதிரை லத்தி நாறுகிறதென்று தினமும் அவரோடு சண்டை பிடிக்கும் எதிர்வீட்டுப் பரிமளம், குனிந்து தன் குடத்தை நீட்டினாள்.

"மொதத் தண்ணி வெள்ளச்சிக்கு ஊத்துங்க, பாய். நாங்க நிக்கிறோம்."