கிளம்பாத கார்

“இந்தத் தகர டப்பா இன்னிக்காவது வீட்டை விட்டு ஒழியணும்!” என்று, காரை வாங்க வந்தவர் காதுபடவே சொன்னாள் மனைவி.

ரிட்டயரான கணவர் சாவியைத் திருப்பினார். பழைய கார் இருமியது; கிளம்பவில்லை.

“நேத்து குதிரை மாதிரி ஓடிச்சு சார்!”

“விக்கிற வண்டி எல்லாமே நேத்துதான் சார் ஓடும்,” என்றார் வந்தவர்.

கணவர் பானட்டைத் திறந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் கை வைத்தார்.

“அதை நேத்துதானே மாட்டினீங்க? பிளக்கைப் பாருங்க,” என்று டார்ச்சைத் திருப்பினாள் மனைவி.

பிளக், பேட்டரி, பெட்ரோல் குழாய் எல்லாம் பார்த்தாயிற்று. வந்தவர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

கணவர் இடிந்துபோய் உட்கார்ந்தார். மனைவி உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து நீட்டினாள். அதில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இருக்க வேண்டிய ரோட்டர் கிடந்தது; அது இல்லாமல் கார் கிளம்பாது.

“அடிப்பாவி! விக்கச் சொன்னதே நீதானேடி?”

“சொன்னேன். நேத்து கார் சரியாச்சு. கை சும்மா இருக்காம உடனே என் மிக்சியைக் கழட்டிப் போட்டீங்க. நோண்டறதுக்கு இருக்கிற காரும் போயிட்டா அடுத்தது என் ஃப்ரிட்ஜ்தானே?”

அவர் ரோட்டரை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

“முழிக்காம மாட்டி ஓட்டுங்க. அடுத்த ஆள் வர்றப்போ மறக்காம டப்பாவுல போட்டுடுங்க.”