அட்டையின் பின்பக்கம்

சாப்பாட்டுப் பில்லுக்கு அட்டையைச் செருகியதும், மெஷின் இலக்கம் எதுவும் கேட்கவில்லை. நீளமாக ஒரு சீட்டைத் துப்பியது.

பரிமாறுகிற பெண் அதைக் கிழித்துப் பார்த்தாள். அவளுக்கே புதினமாக இருந்தது. சுவிஸில் எல்லோரும் அட்டையைச் செருகி, நான்கு இலக்கம் தட்டிவிட்டு எழும்பிப் போகிறவர்கள். இது அமெரிக்க அட்டை. சிப் இருந்தது, இரகசிய இலக்கம் இல்லை.

சீட்டையும் ஒரு பேனாவையும் தில்லைநாதனுக்கு முன்னால் வைத்து, கீழே இருந்த கோட்டைக் காட்டினாள். கையெழுத்து.

பக்கத்தில் இருந்த மனைவி ஜெயகௌரி, மடியில் கிடந்த அவருடைய வலதுகையைப் பார்த்தாள்.

அவர்கள் வசிக்கிற நியூ ஜெர்சியில் அவர் பேனா பிடித்தே கனகாலம். கடையில் அட்டையைக் காட்டினால் போதும். வீட்டுக்கு வருகிற கடதாசிகளுக்கெல்லாம் அவளே போட்டுவிடுவாள். அவருடைய வலதுகை ஆடத் தொடங்கி இரண்டு வருசம். டொக்டர் அதற்கு ஒரு பெயரும் சொல்லிவிட்டார். அந்தப் பெயர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. மகள் யாதவிக்கும் வாய்ப்பூட்டுத்தான்.

மேசைக்கு எதிரே மாப்பிள்ளை கிருஷாந்தின் பெற்றோர், பாக்கியராசாவும் ஞானம்மாவும். மட்டக்களப்பு ஆட்கள். இந்த லாங்கன்தால் ஊருக்கு வந்து இருபத்தைந்து வருசம். யாதவியும் கிருஷாந்தும் தாங்களே விரும்பிக்கொண்டவர்கள், மேசையின் அந்த முனையில் உலகத்தை மறந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் வாய் திறந்து சம்மதம் சொல்வதுதான் மிச்சம்.

போன மாதம் போனில் பாக்கியராசா சிரித்துக்கொண்டே கேட்டார், குடும்பத்தில் பரம்பரை வருத்தம் ஏதும் உண்டோ என்று. ஜெயகௌரியும் சிரித்துக்கொண்டே இல்லை என்றாள். இது அப்படிக் கடத்தப்படுகிற வருத்தமில்லை என்று டொக்டர் சொன்னது உண்மைதான். ஆனால் கல்யாணம் பேசுகிற இடத்துக்கு டொக்டரா வந்து விளங்கப்படுத்தப் போகிறார்?

அவள் எட்டிப் பேனாவை எடுத்தாள். பரிமாறுகிற பெண் பண்பாகத் தலையசைத்து மறுத்தாள். அட்டையில் யார் பெயரோ, அவர்தான் போட வேண்டுமாம்.

வேறு ஆளென்றால் இந்நேரம் பில்லைப் பறித்து, நான்தான் கொடுப்பேன் என்று சண்டை பிடித்திருப்பார். பாக்கியராசா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். விருந்து உங்களுடையது என்றால் உங்களுடையதுதான். சுவிஸ் அவரை நன்றாகவே பழக்கிவைத்திருந்தது. பாழாய்ப் போன மனுசன்.

சாப்பாட்டு நேரம் முழுக்கப் பசியில்லை என்று இடக்கையால் பாண் துண்டுகளைப் பிய்த்துக்கொண்டிருந்த தில்லைநாதன், மடியிலிருந்து வலதுகையை எடுத்தார்.

பேனா சீட்டைத் தொட்டதும் துடித்தது. இடக்கையால் மணிக்கட்டை அமத்திப் பிடித்தார். சீட்டு நகர்ந்தது. யாதவி கதையை நிறுத்தினாள்.

ஒரு காலத்தில் ஒரே இழுப்பில் போடுகிற பெயர். இப்போது மைக்குள் விழுந்த எறும்பு ஊர்ந்தது மாதிரி, சின்னதாக, கோணலாக, கோட்டுக்கு வெளியே போய் நின்றது.

போட்டு முடித்தாரே என்று ஜெயகௌரி மூச்சு விட்டாள்.

பரிமாறுகிற பெண் அட்டையைப் புரட்டினாள்.

பின்பக்கத்து வெள்ளைப் பட்டையில் நாலு வருசத்துக்கு முந்திய கையெழுத்து. நிமிர்ந்து, வீச்சாக, கடைசியில் ஒரு சுழியோடு. அவள் சீட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது. பாஸ்போர்ட் கேட்டாள்.

பாஸ்போர்ட் ஹொட்டேலில் இருந்தது.

அப்போதுதான் ஞானம்மா கையை நீட்டினாள். அதுவரை அதிகம் கதைக்காத மனுசி. அட்டையையும் சீட்டையும் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவசரமேயில்லாமல் பார்த்தாள். பாக்கியராசாவும் எட்டிப் பார்த்தார்.

டொக்டரின் அறிக்கைகூட இவ்வளவு தெளிவாக இராது. ஜெயகௌரியால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லாம் போயிற்று, நான் மூடி மறைத்ததால் போயிற்று என்பதே மனதில் ஓடியது.

ஞானம்மா பரிமாறுகிற பெண்ணிடம் ஜேர்மன் மொழியில் இரண்டே வசனம் சொன்னாள். அந்தப் பெண் முகம் சிவந்து, தில்லைநாதனிடம் மன்னிப்புக் கேட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு ஞானம்மா ஜெயகௌரியின் பக்கம் குனிந்தாள். முதியோர் இல்லமொன்றில் பதினெட்டு வருசம் வேலை பார்க்கிறவள். குரல் உயரவில்லை.

"சம்மந்திக்கு மத்தியானக் குளிசை எத்தின மணிக்கு?"

அந்த மேசையில் அதுவரை யாரும் யாரையும் சம்பந்தி என்று அழைத்திருக்கவில்லை. ஜெயகௌரிக்குக் கண் நிறைந்துவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

மணி இரண்டே கால்.

கை ஆட்டத்துக்கான குளிசையைப் பன்னிரண்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும். இவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, அவர் மேசைக்கடியில் காலால் தட்டித் தட்டிக் கேட்டும் கொடுக்காமல், அவள்தான் கைப்பைக்குள் வைத்திருந்தாள்.